மூச்சு வாங்கும் பெட்டி

"இத ஊதத் தேவையில்ல. இதுவே மூச்சு வாங்கிக்கும்," என்று சொல்லிக்கொண்டே ஆசீர்வாதம் அக்கார்டியனின் தோல் பட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டார். விக்டோரியா அடுப்பைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பது வருஷமாக டிரம்பெட் ஊதியவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாதா தேர் என்றாலும் சாவு ஊர்வலம் என்றாலும் பேண்டு செட்டில் முதல் ஆள் அவர்தான். அந்த மனுஷன் இப்போது எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி ஒவ்வொரு கட்டையாகத் தடவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பொன்னேரி நெஞ்சு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து மூட்டை கட்டும் இடம். கூட வேலை பார்த்த நர்மதா இருமி இருமியே செத்துப்போனதும், பயந்துபோய் இருவரும் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள்.

விக்டோரியா சத்து மாத்திரை வாங்க வரிசையில் நின்ற நேரத்தில், ஆசீர்வாதம் மட்டும் டாக்டரிடம் பேசிவிட்டு வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா சொன்னாரு?"

"நுரையீரல்ல கல்லுமாவு அடைஞ்சிக்கினு கீதாம். இதுக்கு மருந்து இல்லையாம்." படங்கள் இருந்த கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இனிமே டிரம்பெட்ட தொடக்கூடாது," என்றார்.

"எனக்கு?"

"ஒனக்கு ஒண்ணும் இல்ல."

மறுநாளே, தனக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்று அவளைக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டார். தானும் அந்த வேலையை விட்டுவிட்டு, வேறொரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். டிரம்பெட்டைத் துடைத்து, பேண்டு செட் குணாவிடம் கொடுத்தார்.

அக்கார்டியன், பழைய சிநேகிதர் பழவேற்காடு ஷாஹுல் பாய் வீட்டுப் பரணில் சும்மா கிடந்தது. வாங்கி வந்த அன்று, அந்தக் கனத்த பெட்டியோடு ஸ்டேஷன் மேம்பாலம் ஏறியவர், உச்சிக்குப் போய் அவளுக்காகக் காத்து நின்றார். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இப்படித் தூக்குகிறாரே என்ற கவலையில் அவளுக்குக் கால் ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்து நின்று நின்றுதான் மேலே போய்ச் சேர்ந்தாள்.

பாட்டு முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. விரல்தான் கேட்கவில்லை. டிரம்பெட்டுக்கு மூன்று பொத்தான் போதும். இதில் வலது கைக்கு ஒரு வரிசைக் கட்டை, இடது கைக்குக் கண்ணில் படாத பொத்தான்கள். இரண்டையும் பார்த்துக்கொண்டால் துருத்தியை இழுக்க மறந்துபோகும். பாதி வரியில் சத்தம் செத்துவிடும்.

ஒருநாள் குணா வந்து வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, ஈஸ்டருக்கு ஒரே ஒரு பாட்டு ஊதேன்."

"முடியாதுடா."

"பசங்க சிரிக்கிறானுங்க. டிரம்பெட் மாஸ்டரு பொட்டி தட்டிக்கினு கீறாருன்னு."

"சிரிச்சிட்டுப் போறானுங்க."

உள்ளே விக்டோரியாவுக்கு நெஞ்சு எரிந்தது. உடம்பு முடியாத மனுஷனைப் பார்த்து எப்படித்தான் சிரிக்க மனசு வருகிறதோ.

அன்று சாயங்காலம், தங்கள் கல்யாணத்தில் கோயிலில் பாடிய பாட்டைத் தட்டுத் தடுமாறி வாசித்தார். அவளும் மெதுவாகக் கூடப் பாடினாள். இரண்டாவது வரியில் அழுகை முட்டி, பாட முடியாமல் நின்றாள். அவரும் துருத்தியை நிறுத்தினார். அவள் மூச்சைப் பிடித்து மறுபடி எடுத்த பிறகுதான் அவரும் எடுத்தார்.

"டிரம்பெட் ஊதிக்கினு இருந்தப்போ ஒன் பாட்ட நான் காதுல வாங்கினதே இல்ல, விக்டோரியா. இதான் எனக்குப் புடிச்சிருக்கு."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் அவர் டியூட்டிக்குப் போனதும், யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் பொன்னேரிக்குப் போனாள்.

டாக்டருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. "வாங்கம்மா, உட்காருங்க. வீட்டுக்காரர் வரலையா?"

"நான் வந்தது அவருக்குத் தெரியாது சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." முந்தானையைச் சுருட்டி வாயில் பொத்திக்கொண்டாள். இருமல் அடங்கியதும் கேட்டாள். "இன்னும் எத்தினி நாளு சார்? மனச கல்லாக்கிக்கினுதான் வந்துகீறேன். எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

டாக்டர் அவளையே பார்த்தார். "அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"நுரையீரல்ல மாவு அடைஞ்சிக்கினு கீது, டிரம்பெட் ஊதக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்கன்னாரு. ஆசையா ஊதின மனுஷன் சார். அத யாருக்கோ குடுத்துட்டு, இந்த வயசுல புதுசா அக்கார்டியன் கத்துக்கினு கீறாரு. பாக்க முடியல."

"டிரம்பெட் ஊதக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே."

"அப்போ ஊதலாமா சார்?" அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. "அவரு பொழச்சிக்குவாரா?"

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தன் நாற்காலிக்குப் போகாமல், அவள் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் அவர்கிட்ட சொன்னது உங்களைப் பத்திம்மா."