முக்காலடி நடவு

"வேய் தாணப்பா! ஜப்பானைப் பாக்கணும்னா கப்பல் ஏறாண்டாம். எம் பெண்டாட்டி வயலுக்குப் போய்ப் பாரும். மூட்டுக்கு மூடு முக்காலடி! நடுவுல மாட்டுவண்டி போகும்!"

கணபதியப்பன் சொல்ல, தோவாளை சாயாக்கடையே குலுங்கிச் சிரித்தது.

அது ஐம்பத்துநாலாம் வருஷம். விவசாய ஆபீசர் செல்வதாஸ் ஊர் ஊராக வந்து ஜப்பான் முறை நடவைச் சொன்னார். ஆம்பிளைகள் எல்லாம் ஆகாயத்தைப் பார்த்தார்கள். கணபதியப்பன் பெண்டாட்டி அழகியநாயகி மட்டும் தன் சீதன வயலைத் தருகிறேன் என்றாள்.

கயிறு பிடித்து, தள்ளித் தள்ளி, மூடு என்கிற ஒவ்வொரு குத்துக்கும் இரண்டே நாற்று. விளைந்தால் ஊரே இப்படி நடும். விளையாவிட்டால் அவள் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது.

சீனி மாதிரி வெள்ளையாக உரம் வந்து இறங்கியது. அன்றைக்கும் கணபதியப்பன் சும்மா இருக்கவில்லை.

"இன்னைக்கு வயலுக்குப் பாயசம் வைக்கா! வாங்க வாங்க!"

வரப்பு நிறைய ஆள். அழகியநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு உரத்தை வீசினாள். சாயங்காலம் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"வீட்டுல வாயத் தொறக்க மாட்டீங்க. வெளிய போனா என்னைய வச்சே சிரிப்பு. கட்டுன பெண்டாட்டிய இப்பிடியா நாறடிப்பாவ?"

"குழம்புல உப்பு கொஞ்சம் கொறவு" என்றார் அவர்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தினமும் வந்தார்கள். நாற்று தூர் கட்டக் கட்ட, சிரிப்புதான் குறைந்துகொண்டே போனது. ஒருநாள் தாணப்பன் வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கி, ஒரு மூட்டில் எத்தனை தூர் என்று எண்ணினார். நட்டது இரண்டு, கிளைத்தது இருபத்தெட்டு. மறுபடியும் எண்ணினார்.

மாசியில் கும்பப்பூ என்கிற அந்தப் போகத்து அறுப்பு. வழக்கமாகப் பத்து கோட்டை நெல் காணும் வயல், பதினாலு கோட்டை கண்டது.

செல்வதாஸ் நோட்டைத் திறந்தார். "அடுத்த பூவுக்கு யாரெல்லாம் இப்படி நடுறீங்க?"

இருபத்துமூன்று பேர் முண்டியடித்துப் பெயர் கொடுத்தார்கள். முதல் ஆள் தாணப்பன்.

அழகியநாயகிக்குக் கண் நிறைந்தது. பெருமை தாங்கவில்லை. ஆனாலும் மனசுக்குள் கிடந்த கோபம் விடுமா? களத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்த புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"இப்பம் சிரிங்க பாப்போம்!"

கணபதியப்பன் நிமிர்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத்தான்.

"ஏட்டி, 'பொம்பளை ஒருத்தி புதுசா நட்டிருக்கா, வந்து படியுங்க'ன்னு கூப்பிட்டா இந்த ஊர்ல எவன் வருவான்? 'எம் பெண்டாட்டி கிறுக்கு பண்ணுகா, வந்து பாருங்க'ன்னேன். நட்ட நாள் தொட்டு அறுப்பு வரைக்கும் ஒருத்தன் விடாம வந்து பாத்துட்டான்!"