செழித்த செடிகள்

இதயத்துக்குக் கெடுதல் செய்யாத கொழுப்பு அமிலம் சுரக்கும்படி சங்கமித்ரா மரபணு மாற்றிய வேர்க்கடலை, மூன்றாவது முறையும் சாதாரண எண்ணெயையே தந்தது.

"நாளைக்கு இந்தத் திருவொற்றியூர் ஆய்வுக்கூடத்தையே மூடிடுவாங்க அக்கா. எல்லாம் மண்ணாப் போச்சு."

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பூவம்மா பதறினாள். "அழாத கண்ணு. செடிங்க எம்மாம் செழிப்பா கீது பாரு!"

"செழிச்சு என்ன பண்றது? எண்ணெய் மாறலையே!"

"செழிப்பு சும்மாவா வந்துச்சி? நீ போட்டதெல்லாம் நோஞ்சானாத்தான் மொளச்சுது. பாத்தா மனசொடிஞ்சி பூடுவியேன்னு, ஒவ்வொரு தபாவும் நான்தான் புடுங்கிக் கடாசிட்டு, வண்ணாரப்பேட்டைல நல்ல கடலையா வாங்கியாந்து நட்டேன்."

சங்கமித்ரா காலியான விதைப் பையைப் பார்த்தாள். மரபணு மாற்றிய கடைசி விதைகளை இம்முறைதான் விதைத்திருந்தாள்.