பெட்டியில் இரண்டு அதிகம்

ஒருவனைத் திருடன் என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு சாட்சியம் வேண்டும்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

தையல் கம்பெனி முதலாளிக்கு ஓர் அட்டைப்பெட்டி போதுமானதாக இருந்தது.

அதை அவர் மெக்கானிக்கின் மேசைமேல் கவிழ்த்தார். கறுத்த இரும்பு, ரப்பர் சாமான்கள் உருண்டு விழுந்தன. அவருடைய மச்சினன் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"மொத்தம் எத்தனை மாத்தினேன்னு சொன்னே?"

"ஆறு சார். பால் ஜாயின்ட் ரெண்டு, புஷ் நாலு."

"எண்ணிப் பாரு."

மெக்கானிக் எண்ணவில்லை. மேசையைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

முதலாளியிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. பழைய ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் எடுத்துவிட்டு, வண்டி இரண்டு விரற்கடை தாழ்ந்து நிற்கும்படி புதியவற்றை மாட்டுவதற்காக அதை முந்தாநாள் இங்கே விட்டிருந்தார். நேற்றுக் காலை மெக்கானிக் போன் செய்தார்.

"சார், கழட்டிப் பாத்தா உள்ள ஆட்டம் இருக்கு. சக்கரத்தைத் தாங்குற பால் ஜாயின்ட் ரெண்டும் தேஞ்சிருக்கு, ரப்பர் புஷ் நாலும் வெடிச்சிருக்கு. இதோட புது ஸ்பிரிங்கை மாட்டினா, வளைவுல வண்டி நீங்க சொன்ன பேச்சைக் கேக்காது."

"தேஞ்சது ஒண்ணுகூட என் கார்ல இருக்கக் கூடாது. இது உயிர் விஷயம். எல்லாத்தையும் மாத்திடு. ஆனா பழசைப் பெட்டியில போட்டு வை. என் கண்ணால பாக்கணும்."

நியாயமான நிபந்தனை. உயிரின் அருமை தெரிந்தவர் பேசுகிற பேச்சு. அவர் இடத்தில் இருந்தால் நாமும் அதையே கேட்டிருப்போம். இன்று அவர் எண்ணியதுபோல் நாமும் எண்ணியிருப்போம்.

"எட்டு இருக்கு," என்றான் மச்சினன். "ஆறு கழட்டினா எட்டு வருதா? ராத்திரி பெட்டிக்குள்ள குட்டி போட்டுச்சா?"

முதலாளி இரண்டு தடித்த இரும்பு முனைகளைத் தனியே எடுத்து வைத்தார்.

"இந்த ரெண்டும் என் கார்ல மாட்டவே மாட்டாது. தடிமனைப் பாரு. சேறு வேற அப்பியிருக்கு. என் கார் மழையில நனைஞ்சதே கிடையாது. அப்போ மத்த ஆறும் எந்தக் குப்பையில பொறுக்கினது? அடுத்தவன் வண்டிப் பழசைக் காட்டி என் தலையில மிளகாய் அரைக்கிறியா?"

"நேத்தே சொன்னேன் மாமா. கார்ல ஆட்டம் இல்ல, இவருக்குத்தான் ஆட்டம்."

முதலாளி போனை எடுத்து மேசையைப் படம் பிடித்தார். நான்கு வரி தட்டினார். பிறகு திரையை மெக்கானிக்கின் பக்கம் திருப்பினார்.

"எங்க கார் குரூப்புல நூத்தியெண்பது பேர் இருக்காங்க. உனக்கு வர்ற வேலையில முக்கால்வாசி அவங்க குடுக்கிறது. இதை அனுப்பினா நாளைக்கு நீ ஷட்டரைத் தூக்கவே வேண்டியதில்ல. ஒரே கேள்வி. இந்த ரெண்டும் என் கார் சாமானா, இல்லையா?"

"இல்ல சார்."

"ஒத்துக்கிட்டார் மாமா. அனுப்புங்க."

"அந்த ஆறு உங்க காரோடதுதான் சார். மேல நம்பர் இருக்கு, பாத்துக்கலாம். இந்த ரெண்டும் கைத்தவறுதலா அந்தப் பெட்டியில விழுந்துடுச்சு."

"அப்போ இது யாரோடது?"

மெக்கானிக் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க சார்."

"நல்லா கதை விடுறார்," என்றான் மச்சினன்.

முதலாளியின் கட்டைவிரல் திரையை நெருங்கியது.

"நேத்து மத்தியானம் உங்க ஸ்பிரிங் பார்சலை இங்க இறக்கிச்சே ஒரு வேன்," என்றார் மெக்கானிக். "அதோடது."

"எந்த வேன்?"

"உங்க கம்பெனி வேன் சார். தையல் பொண்ணுங்களை ஏத்திட்டுப் போறது. ரிவர்ஸ் எடுக்கும்போதே பாத்தேன், ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்புது, சக்கரம் தன் இஷ்டத்துக்கு நிக்குது. டிரைவரைக் கேட்டேன். உங்ககிட்ட மூணு தடவை சொன்னாராம். ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு சொல்லிட்டீங்களாம். நாலாவது தடவை சொன்னா வேலை போயிடும்னு பயப்படுறாரு. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேக்கிற இந்த முனை ரெண்டும் தேஞ்சிருந்துச்சு. என்கிட்ட புதுசு ரெண்டு சும்மா கிடந்துச்சு, மாட்டி அனுப்பிட்டேன். உங்க பில்லுல வராது. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. பண்ணது நான்."

மச்சினன் கூரையைப் பார்த்தான். முதலாளியின் கட்டைவிரல் திரையைத் தொடாமல் நின்றது.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் காலையிலிருந்து யோசிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார் மெக்கானிக். "குரூப்புல போடுறதுன்னா போடுங்க சார், நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி டிரைவருக்கு ஒரு போன் போடுங்க. வேனோட பின்சக்கர பிரேக் லைனிங் தகடு தெரியிற அளவுக்குத் தேஞ்சிருக்கு. அது என்கிட்ட இல்ல, நீங்க சொல்லாம வாங்கவும் முடியாது. உங்க கம்பெனியில வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. பதினாலு பேரை ஏத்திக்கிட்டு அது பாலத்து இறக்கத்துல இறங்கறதுக்குள்ள, வண்டியை இங்க கொண்டு வரச் சொல்லுங்க. நாளைக்கு வேண்டாம் சார். இன்னைக்கே சொல்லுங்க."