மிச்ச அரிசி

பல்கலைக்கழக வயலில் விளைந்த அந்த அரிசியை ஒரு கவளம் தின்றால் மூன்று நாளைக்குப் பசிக்காது. கடல் தாண்டிய பஞ்ச நாடுகளுக்கென்று அரசாங்கம் நிதி கொடுத்து உருவாக்கச் சொன்ன ரகம் அது. சோதனைக்குப் போக மிஞ்சியதை எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

எரிக்கும் வேலை துளசிமணிக்கு. அரிசியைப் போய் நெருப்பில் கொட்டுவதாவது! அவளுக்குக் கை வரவில்லை. எட்டு மாத வயிற்றோடு தினமும் ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டு போனாள். பசி இல்லாவிட்டாலும் வயிற்றுப் பிள்ளைக்காகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தாள்.

பிள்ளை பிறந்து இருபது நாளாகிறது. ஒரு தடவைகூடப் பாலுக்கு அழவில்லை. அவளாக மாரில் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உடம்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வருகிறது.

அதைச் சொல்லத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தாள். அங்கே அந்த ரகத்தை உருவாக்கிய டாக்டர் மதிவதனி எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"துளசி, நம்ம அரிசி கப்பல்ல போய்ச் சேந்துருச்சு! அங்க பஞ்ச நிவாரண முகாம்ல நாப்பதாயிரம் குழந்தைங்க. போன வாரத்துல இருந்து ஒண்ணுகூட அழறதில்லையாம்!"

லட்டை நீட்டியவர் குனிந்து, துணிச்சுருளுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, உன் பையனும் எவ்வளவு சமத்தா இருக்கான்!"

துளசிமணி லட்டை வாங்கவில்லை.

"மேடம்," என்றாள், "அந்த மிச்ச அரிசிய நான் எரிக்கலீங்க. கஞ்சி காய்ச்சிக் குடிச்சுப்போட்டனுங்க."