உள்பக்கக் கோடு

கார்க் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை அவன் மேலும் கீழுமாகத் துடைப்பான். மனைவி உள்ளே உட்கார்ந்து குறுக்காகத் துடைப்பாள். கோடு விழுந்தால் யார் பக்கம் என்று சண்டையில்லாமல் தெரிந்துவிடும்.

அவள் இறந்த பிறகு இன்றுதான் துணியை எடுத்தான். நாளை வண்டி கைமாறப்போகிறது.

முதல் கண்ணாடியின் வெளிப்பக்கம் முடிந்ததும் அக்கா வந்து பார்த்தாள்.

"உள்ளே குறுக்க ஒரு கோடு விட்டிருக்கே பாரு. எப்பவும் அரைகுறை வேலைதான்டா உனக்கு."

"நான் இன்னும் கதவையே திறக்கலைக்கா."

திறந்தான். இருக்கையில் மனைவி துடைக்கும் துணி ஈரமாகக் கிடந்தது.

"வண்டி கேட்டவர்கிட்ட, விக்கலைன்னு சொல்லிடுக்கா," என்றான்.

கதவை மூடிவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போனான். உள்ளே துடைப்பவள் பின்தங்கிவிடக் கூடாதென்று, வழக்கம்போல மெதுவாகவே துடைத்தான்.