மறுபடியும் சிவப்பு

"மறுபடியும் சிவப்பா?"

கேட்டவர் மேனேஜர். பிளம்பர் பலகையில் நாலாவது மாடிக்கு நேராகச் சிவப்பு அட்டையைக் குத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாதி எழும்பிய அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தினமும் காலையில் இந்தக் கூட்டம் நடக்கும். நின்றுகொண்டேதான் பேச வேண்டும். வேலை முடிந்தால் பச்சை அட்டை, இழுபறி என்றால் மஞ்சள், நின்றுபோயிருந்தால் சிவப்பு. மேனேஜர் பயிற்சி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த முறை. வரும்போது 'டிபென்டன்சி' என்றொரு வார்த்தையையும் கையோடு கொண்டு வந்திருந்தார். ஒருத்தர் வேலை முடிந்தால்தான் அடுத்தவர் கை வைக்க முடியும் என்பதற்கு அந்தப் பெயர். முதலில் கேட்டுச் சிரித்தவர்கள் வாயிலும் இப்போது அதுதான்.

"நாலாவது மாடியில குழாய் வேலை முடிஞ்சாதான் பாத்ரூம் டைல்ஸ் ஒட்ட முடியும். உங்க ஒருத்தரால மொத்த மாடியும் நிக்குது. என்னதான் பிரச்சனை? இங்க எதுவா இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லலாம். யாரும் கடிச்சுத் தின்னுட மாட்டோம்."

"வேலை முடியலை. அவ்வளவுதான்."

வழக்கம்போல் தூணில் சாய்ந்து நின்றிருந்த டைல்ஸ்காரர், மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். "அவர்கிட்ட கேளுங்க சார், குழாய்க்குப் பிரசவம் பாத்துட்டு இருக்காரான்னு."

"அவர்கிட்ட சொல்லுங்க சார், அவர் சோலியை அவர் பாக்கட்டும்."

கூட்டத்தில் சிரிப்பு. டைல்ஸ்காரர் பிளம்பருக்குத் தங்கை புருஷன். தன் மகள் கல்யாணத்துக்கு மச்சானான பிளம்பரை நேரில் வந்து அழைக்காமல் போனிலேயே சொல்லிவிட்டார் என்று தொடங்கிய பகை. அன்று அறுந்த பேச்சு இன்னும் ஒட்டவில்லை. நடுவில் யாராவது நின்றால்தான் ஒருவர் சொல் இன்னொருவருக்குப் போகும்.

"சார், இது வேலைப் பிரச்சனை இல்லை." எலக்ட்ரீஷியன் மேனேஜரின் காதைக் கடித்தார். "மாப்பிள்ளையைத் தொங்கல்ல விட்டு மச்சான் பழி தீத்துக்கறார்."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. மேலிடத்துக்கு அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்?

"இதோ பாருங்க, நாளைக்குக் காலையில அங்க பச்சை இருக்கணும். இல்லைன்னா வேற பிளம்பர் வருவார்."

"தாராளமா வரட்டும்."

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் நேராக நாலாவது மாடிக்கு ஏறினார். அங்கே குழாய்களைப் பதித்து, சுவரையும் பூசி மூடியிருந்தது. பூச்சுகூடக் காய்ந்து வெளுத்துவிட்டது. பிரஷர் மீட்டரின் முள் ஆடாமல் அசையாமல் நின்றது. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

பின்னாலேயே வந்து நின்ற பிளம்பர் மேல் அவர் பாய்ந்தார்.

"என்னய்யா இது? வேலையை எப்பவோ முடிச்சு வெச்சுட்டு, எங்க காதுல பூ சுத்தறீங்களா? மாப்பிள்ளை மேல அவ்வளவு வஞ்சமா?"

"ஆமா, வஞ்சம்தான். தாமதம் என்னாலதான்னு மேலிடத்துல சொல்லிடுங்க. அனுப்பறதா இருந்தா இப்பவே அனுப்புங்க."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டில் ஏதோ முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

மூணாவது மாடியில் அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டிகளைப் பார்த்துவிட்டு டைல்ஸ்காரர் இறங்கிக்கொண்டிருந்தார். ஆள் யாரும் இல்லை என்ற நினைப்பு. கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பின்பக்கமாக, குழந்தை இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக. வலது முட்டி பேன்ட்டை மீறிப் புடைத்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" மேனேஜர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நான்தான் அவனோட பேசறதில்லையே. கண்ணு இருக்கு, பாத்தேன்." பிளம்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டைல்ஸ் ஒட்டறவனுக்கு முட்டிதான் சார் கஞ்சி ஊத்துது. வீக்கம் வடியாம மண்டி போட்டான்னா, அப்புறம் எந்திரிக்கவே மாட்டான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அதுக்குத்தானே தினமும் கூட்டம் போடறேன்?"

"பெயின்டர் சொன்னாரே! இதே கூட்டத்துல, தலை சுத்துதுன்னு வாயைத் திறந்து சொன்னாரே! அன்னைக்குச் சாயங்காலமே கணக்கை முடிச்சு அனுப்பிட்டு வேற ஆளைப் போட்டீங்க. மறந்துபோச்சா?"

மேனேஜர் மறுபடியும் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். பிளம்பர் விடவில்லை.

"நீங்கதானே சார் டிபென்டன்சின்னு படிச்சுப் படிச்சு சொன்னீங்க? என் அட்டை சிவப்பா இருக்கற வரைக்கும் அவனை ஒருத்தரும் ஏன் வேலை செய்யலைன்னு கேக்க முடியாது. நாளைக்கும் சிவப்புதான். உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க."

மறுநாள் காலை. பிளம்பர் நிதானமாக நடந்து போய்ச் சிவப்பு அட்டையைக் குத்தினார். வேண்டுமென்றே ஒரு அழுத்து அதிகமாகவே அழுத்தினார்.

எல்லார் கண்ணும் மேனேஜர் மேல். அவர் அட்டையைப் பார்த்தார். தூணில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"சரி... அடுத்தது, லிஃப்ட் வேலை என்ன ஆச்சு?"

எலக்ட்ரீஷியன் வாயைப் பிளந்தார். டைல்ஸ்காரர் பொங்கிவிட்டார்.

"என்ன சார், அவரை ஒண்ணும் கேக்க மாட்டீங்களா? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடறாரே!"

பிளம்பர் மேனேஜர் பக்கம் திரும்பினார். குரலில் இம்மியளவும் இரக்கம் இல்லை.

"அவர்கிட்ட சொல்லுங்க சார், அடுத்த வாரம் வரைக்கும் பச்சை கிடையாது. அதுவரைக்கும் எங்கயாவது காலை நல்லா நீட்டி உக்காந்து, என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும்!"