குடம் நகர்த்தியவள்

“ஏட்டி! குடத்துலேருந்து கையை எடு!”

பேச்சிராஜ் தண்ணீர் லாரியின் கேபினிலிருந்து குதித்தே விட்டான்.

இசக்கிச்செல்வி கையும் களவுமாகச் சிக்கிக்கொண்டாள். வரிசையில் முன்னால் நின்ற ஒரு நீலக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். அந்த இடத்தில், வரிசையின் வாலில் கிடந்த ஒரு பச்சைக் குடத்தைச் செருகிக்கொண்டிருந்தாள்.

சங்கரன்கோவிலில் குளத்தங்கரைக் குடிசைகளுக்கு டிரஸ்ட் அனுப்புகிற லாரி அது. கரையில் குழாய் கிடையாது. தினமும் ஒரு நடைதான். இங்கே ஆட்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள், குடங்கள்தான் நிற்கும். விடியுமுன் குடத்தை வைத்துவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஹாரன் அடித்தால் ஓடி வருவார்கள். வாலில் கிடக்கிற குடங்களுக்குத் தண்ணீர் எட்டாது.

போன மாசம் இதனால் ஒருத்திக்கு மண்டையே உடைந்தது. அதற்கப்புறம் டிரஸ்ட்டின் சத்தியநாதன் சார் ஒரு சட்டம் போட்டார். வரிசையில் எவள் எந்தக் குடத்தை நகர்த்தினாலும், நகர்த்தியவளின் குடத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். அன்றைக்கு அவளுக்குத் தண்ணீர் கிடையாது.

நேற்று தங்கத்தாய் அவரிடம் போய் நின்றாள். “பிந்தி வந்த குடம் முந்தி நிக்கி சார். எவளோ நகர்த்துதா.”

“நாளைக்கு ஹாரன் அடிக்காம ஒளிஞ்சு நின்னு பாரு. ஆளைப் பிடிச்சா குடத்தைக் கவுத்து. இரக்கப்படாதே” என்று சார் பேச்சிராஜிடம் சொன்னார்.

இரக்கமாவது மண்ணாவது. தண்ணீர் கொடுக்க வந்த இடத்தில் சண்டை விலக்கியே அவனுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. கேபினுக்குள் கையை விட்டு ஹாரனை அமுக்கினான். பெண்கள் ஓடி வந்தார்கள்.

“பாத்தியளா? நான் சொன்னம்லா?” தங்கத்தாய் சேலையை இழுத்துச் செருகினாள். “ஏட்டி கள்ளி! நேத்து எனக்குச் சொட்டுத் தண்ணி கிடைக்கல. தண்ணி கடன் வாங்கிக் கஞ்சி காச்சினேன். அதுக்குத்தான் இன்னைக்கு எல்லாருக்கும் முன்னால வந்து மொத குடமா வச்சிருக்கேன். அதையும் தூக்கிருப்பியே!”

“இதுல உன் குடம் எது?” என்றான் பேச்சிராஜ்.

இசக்கிச்செல்வி நீலக் குடத்தை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

“கேக்கேன்லா? இந்தப் பச்சைதானே?” காலை ஓங்கினான்.

“அண்ணே, அதைத் தொடாதீய!” குறுக்கே வந்து நின்றாள். “என் குடம் இந்த நீலம். இதைக் கவுத்துங்க.”

பேச்சிராஜுக்கு ஒன்றும் ஓடவில்லை. “நீலம் முன்னாலதானட்டி நின்னுச்சு?”

“ஆமா.”

“முன்னால நின்ன உன் குடத்தை நீயே எடுத்து வாலுக்குக் கொண்டு போறியா? கிறுக்கா உனக்கு?”

“பச்சை, அலிமா பீவி அக்கா குடம். பச்ச உடம்புக்காரி. ஆபரேஷன் பண்ணிப் புள்ள எடுத்துருக்கு. அந்தக்கா புருசன் அப்சல் அண்ணன் தறியில நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து குடம் வைக்கதுக்குள்ள வரிசை நீண்டுருது. புள்ளத் துணி அலசக்கூட அங்கன தண்ணி இல்ல.”

“சொல்லிட்டு மாத்த வேண்டியதுதான?”

“சொன்னா அந்தக்கா வாங்காது. எங்க வீட்டுல நானும் அம்மையும்தான், எப்படியும் சமாளிச்சுக்கிடுவோம். சட்டம்னா சட்டம்தான். நீங்க கவுத்துங்க.”

நேரே போய் நீலக் குடத்தை வரிசையின் கடைசியில் வைத்தாள். தள்ளி நின்றுகொண்டாள்.



“ஆமா, இவ பெரிய இவ!” என்றாள் தங்கத்தாய். விறுவிறுவென்று வாலுக்குப் போனாள். நீலக் குடத்தைத் தூக்கி வந்தாள். வரிசையின் முதலில் நின்ற தன்னுடைய சிவப்புக் குடத்தை எடுத்துவிட்டு, அங்கே நீலத்தை வைத்தாள். சிவப்பைக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டாள்.

“ஏம்மா, நீயே புகார் சொல்லிட்டு நீயே நகர்த்துதியே!” என்றான் பேச்சிராஜ்.

“என் குடம். நான் எங்கனயும் வைப்பேன். நேத்து கஞ்சிக்குத் தண்ணி கொடுத்தவ இன்னைக்கும் கொடுப்பா.”

“ஒரு நாள் கொடுத்தா தினம் கொடுப்பனா?” என்று பாலம்மாள் எகிறினாள். எகிறிக்கொண்டே சிவப்புக் குடத்தைத் தூக்கி வந்து தன் குடம் இருந்த இடத்தில் வைத்தாள். தன் குடத்தோடு வாலுக்கு நடந்தாள்.

“முட்டுவலிக்காரி, நீ எங்கட்டி அங்கன போற? இங்கன வை.” இன்னொருத்தி தன் குடத்தை எடுத்து இடம் விட்டாள்.

“நீ தள்ளுட்டி.”

“நீ தள்ளு. வந்துட்டா பெருசா!”

அதே வசவு, அதே கூப்பாடு. பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. பேச்சிராஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். முந்துவதற்கு அடித்துக்கொண்டதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். பிந்துவதற்கு அடித்துக்கொள்கிறவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறான். சட்டப்படி பார்த்தால் இப்போது வரிசையில் ஒரு குடத்துக்கும் தண்ணீர் கிடையாது.

செல்போன் அடித்தது. சார்.

“ஆள் சிக்குச்சா?”

“சிக்குச்சு சார்.”

“இரக்கப்படலையே? குடத்தைக் கவுத்திட்டியா?”

பேச்சிராஜ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். ஹோஸை இழுத்து வந்து வால்வைத் திறந்தான்.

கவிழ்க்கச் சொன்ன நீலக் குடத்தில்தான் முதல் தண்ணீர் விழுந்தது.